ஓட்டம் நின்றபின் வரும் இருமல்

அடுத்தவர் மூச்சை அளந்து கொடுத்துச் சம்பளம் வாங்குவது என் தொழில். நாகர்கோவிலில் ஒரு நெஞ்சு நோய் டாக்டரின் கிளினிக் மாடியில் என் மிஷின் இருக்கிறது. வருகிறவர் மூக்கில் கிளிப் மாட்டுவேன், வாயில் அட்டைக் குழாயைக் கொடுப்பேன். அவர் மூச்சை நிறைய இழுத்து, ஒரே தள்ளாக ஊதி, உள்ளே காற்றே மிச்சமில்லை என்கிறவரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா சொன்னால் யாரும் ஊதமாட்டார்கள். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விட்டுராதீங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கீழே தையல் கடை வைத்திருப்பவர், மாடியில் பிரசவம் பார்க்கிறார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருக்கிறார்.

ஊதிய மூச்சு திரையில் ஒரு கோடாக வரும். நல்ல நெஞ்சென்றால் கோடு செங்குத்தாக ஏறி, நேராகச் சரிந்து இறங்கும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் அந்தச் சரிவு தொட்டில் துணி மாதிரி உள்ளே குழிந்துவிடும். கையில் பிடிக்க முடியாத, கண்ணுக்குத் தெரியாத ஒன்று இப்படிக் கோடாக வந்து நிற்பதை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

மாடிப்படியில் பாதியில் நின்று, போனைப் பார்ப்பதுபோல நடித்து மூச்சு வாங்குகிற என் இனத்தவர்களே, நடந்தால் இருமல், ஓடினால் இருமல் என்று என்னிடம் வந்த சிலரைப் பற்றிச் சொல்கிறேன். நாம் தனியாக இல்லை என்ற ஆறுதலாவது கிடைக்கும்.

ரெண்டு ஏத்தம்பழம்

வடசேரியில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். ரிட்டயர்ட் பேங்க் அதிகாரி. விடிவதற்கு முன்னாலேயே பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கிறவர். ரெண்டு சுற்று வரை ஒன்றுமில்லை, மூன்றாவது சுற்றில் இருமல் பிடித்துக்கொள்கிறது, கூட நடப்பவர்கள் எல்லாம் விலகி நடக்கிறார்கள் என்று வருத்தமாகச் சொன்னார். நெஞ்சில் பெரிய கோளாறு என்று அவரே முடிவு கட்டி, மகனுக்கு அமெரிக்காவுக்குத் தகவலும் சொல்லிவிட்டார்.

ஊதச் சொன்னேன். நேர்த்தியான கோடு, கல்லூரிப் பையன்கள்கூட அப்படி ஊதமாட்டார்கள். டாக்டர் இருதயத்தையும் பார்த்தார், அதுவும் சரி. "நடக்கப் போறதுக்கு முன்னால என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். தலைசுற்றல் வரக்கூடாது என்று ஏத்தம்பழம் என்கிற நேந்திரம்பழம் ரெண்டும் ஒரு பெரிய டம்ளர் காப்பியும் உள்ளே தள்ளி, பெல்ட்டை இறுக்கி, உடனே கிளம்புவாராம். வயிற்றில் உள்ள புளிப்பு நடக்க நடக்க மேலே ஏறித் தொண்டையைச் சுரண்டினால் இருமல் வரத்தானே செய்யும் என்று டாக்டர் விளக்கினார். வயிற்றில் இருக்கும் பழம் நெஞ்சில் இருமுகிறது என்பது எனக்கே அன்றைக்குப் புதுச் செய்தி. பெரியவர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நடைய நிறுத்தச் சொல்லுவிய, நிம்மதியா உறங்கலாம்னு வந்தேன் டாக்டரே, நீங்க பழத்தல்லா நிறுத்திட்டிய!"

கடற்கரையில் வராத இருமல்

ஒரு ஜூன் மாதம், மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த காலையில், ஆன்சி வந்தாள். குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பெண், டிகிரி முடித்துவிட்டுப் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிறவள். கூட அவள் அம்மா ரோஸ்லி. மீன் விற்கிறவர், குரல் நன்றாகக் கேட்கும்படி இருக்கும். நான் கத்துவதையே "இது என்னத்துக்கு இவ்வளவு பைய பேசுதிய" என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஆன்சிக்கு விசித்திரமான இருமல். ஊர்க் கடற்கரையில் எவ்வளவு ஓடினாலும் வராது. போன தடவை உடல் தகுதித் தேர்வுக்குத் திருநெல்வேலிப் பக்கம் போனபோது வந்தது. அதுவும் ஓடும்போது இல்லை. நேரத்துக்குள் ஓடி முடித்து, நின்று, தண்ணீர் குடித்து, ஜெயித்துவிட்டோம் என்று சிரித்த பிறகு வந்தது. இருமி இருமிக் குனிந்தவளால் அடுத்துக் கூப்பிட்ட நீளம் தாண்டலில் நிமிர்ந்து நிற்கவே முடியவில்லை. அங்கேயே வெளியேற்றிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி ஓடிக் காட்டினால் ஒரு இருமல்கூட இல்லை. "உனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல, பயம்" என்று அவளுடைய கோச் சொல்லிவிட்டார். அடுத்த தேர்வு சீக்கிரம் வரப்போகிறது. ரோஸ்லியக்காவோ, நெஞ்சில் கோளாறு என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு ஓட்டம் முடிந்தது, பிள்ளையின் உயிர்தான் தனக்குப் பெரிசு என்று வந்த உடனேயே சொல்லிவிட்டார்.

ரத்தம் குறைவா என்று பார்த்தார்கள், இல்லை. இருதயம் நன்றாக இருந்தது. என்னிடம் ஊதினாள், கோடும் நன்றாக இருந்தது. உட்கார்ந்து ஊதினால் தெரியாத கோளாறும் உண்டு, ஓடவிட்டு ஊதச் சொன்னால்தான் பிடிபடும், அடுத்த வாரம் வாங்க என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மா செருப்பு மாட்டப் போன நேரத்தில் ஆன்சி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நல்லா இருக்குன்னு வந்தா கோச் என்னப் பயந்தாங்கொள்ளின்னுவாரு, கோளாறுன்னு வந்தா அம்ம ஓட விடமாட்டா. எப்பிடி வந்தா எனக்கு நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க, சிஸ்டர்."

கழுவாத டிரம்பெட்

அதே வாரம் இரணியல் பக்கம் ஒரு சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறவர் வந்தார். கல்யாண ஊர்வலம், பவனி என்று வாசித்துக்கொண்டே நடந்தால் இருமலும் மூச்சுத் திணறலும். சும்மா நடந்தால் ஒன்றும் கிடையாது. ஊதுவதே தொழிலாக உள்ளவர், இன்றைக்கு என் தொண்டைக்கு ஓய்வு என்று சந்தோஷப்பட்டேன். அவர் ஊதினால் நூல் மாதிரி வருகிறது. இழுத்த மூச்சைச் சிந்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டே பழகிய மனிதர்! ஒரே தள்ளாகத் தள்ள வைப்பதற்குள் நான் வியர்த்துவிட்டேன். அந்த நூல் மூச்சு எவ்வளவு நேரம் நின்றது என்கிறீர்கள்? நான் இன்னும், இன்னும் என்று கத்தி முடித்து எனக்கு மூச்சு வாங்கிய பிறகும் அவர் ஊதிக்கொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

பேண்டுக்கு வேலை இல்லாத தவக்காலத்தில் இருமலும் இல்லை என்று அவர் சொன்னதை டாக்டர் பிடித்துக்கொண்டார். டிரம்பெட்டைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே வெந்நீர் விட்டுக் குலுக்கி ஊற்றச் சொன்னார். வந்த தண்ணீரின் நிறத்தை நான் சொல்லப்போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாசிக்கலாம். எச்சில் ஈரத்தில் பூஞ்சை பிடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, கழுவுவதா என்று அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கப்பா வாசிச்ச காலத்துல இருந்தே கழுவுனது கெடயாது, சாரே; கழுவுனா சுருதி போயிரும்னுல்லா சொல்லுவாவ!"

ரிமோட் யார் மடியில்

சொன்னபடி ஆன்சி ஓடுவதற்கு வந்தாள். உள்ளறையில் டிரெட்மில் இருக்கிறது. ஏசியை நன்றாகக் குளிர வைத்திருந்தேன். ரோஸ்லியக்கா ஒரு பிளாஸ்கில் குடிக்கச் சூடு வெள்ளமும் தோளில் ஒரு துவர்த்துத் துண்டுமாக மகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் ஊத வைத்தேன். கிளிப்பை மாட்டி ஓடவிட்டேன். டிரெட்மில் ஓடும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது, என் கண்ணும் அவள் நாடித்துடிப்பைக் காட்டுகிற திரையில்தான் இருந்தது. ஆன்சி ஓடுவதைப் பார்க்க வேண்டும். தோள் அசையாது, கால் மட்டும் அடி பிசகாமல் விழுந்து எழும். வேர்வை ஊற்றியது. நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, ஊதச் சொன்னேன். மறுபடி கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி ஊதச் சொன்னேன். கோடு இம்மி அசையவில்லை. ஆன்சியின் முகம் விழுந்துவிட்டது. அப்படியென்றால் பயம்தானே!

டாக்டர் கதவைத் திறந்து உள்ளே வந்தார், வந்த வேகத்திலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி முழுக்க ஆவி. அறை குளியலறை மாதிரிப் புழுங்குகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னல் திறந்து கிடக்கிறது, மழைக்காற்று உள்ளே வருகிறது, ஏசி அமைதியாகத் தூங்குகிறது. ரிமோட் ரோஸ்லியக்காவின் மடியில், துவர்த்துக்கு அடியில். அவர் துளியும் கலங்கவில்லை. "நான்தான் அமத்தினேன், சாரே. ஓடி விசர்த்த பிள்ளைக்கு ஏசிக் காத்து பட்டா நெஞ்சு கட்டிப் போவாதா? படிச்சவிய, உங்களுக்குத் தெரியாண்டாமா?" என்று கேட்டார். திட்டு விழப்போகிறது என்று நான் மிஷினுக்குப் பின்னால் ஒதுங்கினேன். டாக்டர் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்துவிட்டார்.

"கட்டுதா இல்லியான்னு பாக்கத்தாம்மா ஏசி போட்டதே, நீங்க அமத்தினது ஏசிய இல்ல, டெஸ்ட்ட!"

குளிர்ந்த அறையில்

ரெண்டு நாள் கழித்து மறுபடி ஓட்டம். இந்தத் தடவை ஜன்னல் சாத்தியிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ரிமோட் டாக்டரின் சட்டைப் பையில் இருந்தது. ரோஸ்லியக்கா கையில் ஜெபமாலையோடு வாசல் பக்கம் நின்றார். டாக்டரும் அறையை விட்டு நகரவில்லை. ஆன்சி அதே மாதிரி ஓடினாள், அதே மாதிரி நின்றாள். இருமல் இல்லை. ஊதினாள், கோடு பரவாயில்லை. "வரல" என்று என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது.

பிறகு ஒரு சின்னச் செருமல். தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல இன்னொன்று. அடுத்தது நெஞ்சின் அடியிலிருந்து வந்தது. ஓடாமல், அசையாமல், நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்ணை யாரோ உள்ளே பிடித்து உலுக்குகிற மாதிரி இருமல் உலுக்கியது. "ஊது மக்கா, ஊது" என்றேன். ஊதினாள். சற்று முன்பு நேராகச் சரிந்த கோடு, என் கண் முன்னால் குழிந்து கிடந்தது. டாக்டர் உடனே மருந்துப் பம்பை அவள் வாயில் வைத்து அடித்தார். கொஞ்ச நேரத்தில் உலுக்கல் அடங்கியது. மறுபடி ஊதினாள், கோடு பழையபடி நிமிர்ந்து வந்தது. ஒரு நெஞ்சு சுருங்கியதையும் விரிந்ததையும் ஒரே இருப்பில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

டாக்டர் எளிமையாகச் சொன்னார். ஓடும்போது வாயைத் திறந்து மளமளவென்று காற்றை இழுக்கிறோம். கடற்கரைக் காற்றில் ஈரம் இருக்கிறது, மழைக்காலத்து அறையிலும் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்துத் திருநெல்வேலியின் வறண்ட காற்றில் அது இல்லை, ஏசி ஓடுகிற அறையிலும் இல்லை. சிலருக்கு அந்தக் காய்ந்த காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிடும், குழாய் சுருங்கும். ஓடுகிறவரை உடம்பு தாக்குப்பிடிக்கும், நின்ற பிறகுதான் வேலையைக் காட்டும். ஊரில் வராததும் நிஜம், அங்கே வந்ததும் நிஜம். ஆன்சி அதையெல்லாம் காதில் வாங்கினாளா தெரியாது. திரையில் இருந்த குழிந்த கோட்டை விரலால் தொட்டுக் காட்டி, கண் நிறைய நீரோடு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, பாரு. இது பயம் இல்ல. பாத்தியா, இது பயம் இல்ல."

ரோஸ்லியக்காவின் மூச்சு

ஆனால் ரோஸ்லியக்கா பார்த்தது வேறு. கோளாறு என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். "ஓட்டமும் வேண்டாம், போலீசும் வேண்டாம். ஏட்டி, கிளம்பு, வீட்டுக்குப் போவோம்" என்றார். ஓடுவதற்கு முன் இந்தப் பம்பை அடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு ஓடினால் போதும், நிறுத்த வேண்டியதே இல்லை என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கிறதாக இல்லை. அப்போது ஆன்சி, அழுதுகொண்டே, எங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். "நீ இருமி இருமித் தோவாளையில மீன் சுமந்தியே. உன்ன ஆராவது நிறுத்தினாவளா?"

டாக்டர் திரும்பினார். என்ன இருமல் என்று கேட்டார். "அது சுமட்டுக்க இருமல், சாரே. சுமந்தா எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றார் அக்கா. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் பஸ்ஸில் போய் இறங்கி, மீன் பாத்திரத்தைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக நடப்பார். மலைக் கணவாய் வழியாக வறண்ட காற்று அள்ளிக்கொண்டு போகிற ஊர் அது. நடக்கும்போது ஒன்றுமில்லை, பாத்திரத்தை இறக்கி வைத்து உட்கார்ந்ததும் இருமல் வரும். இருமி முடித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு நடப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். அதை ஒரு நோய் என்று அவர் நினைத்ததே இல்லை. உழைக்கிற எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று இத்தனை காலமும் நினைத்திருக்கிறார்.

டாக்டர் அவரையும் ஊதச் சொன்னார். நான் கத்தத் தேவையே இருக்கவில்லை. மார்க்கெட்டில் கூவிப் பழகிய நெஞ்சு, பலம் முழுவதையும் போட்டு ஊதியது. கோடு மகளுடையதைவிட ஆழமாகக் குழிந்திருந்தது. இந்த மூச்சை வைத்துக்கொண்டா அவ்வளவு தூரம் சுமந்தார்? அதில்தானே ஆன்சியின் படிப்பு நடந்தது, ஓடுகிற ஷூ வந்தது. பம்பை அவருக்கும் அடித்து, உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் போனதும் அக்கா ஒரு மூச்சு இழுத்தார். நிறுத்திவிட்டு, எதையோ சோதிப்பதுபோல இன்னொன்று இழுத்தார். கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய குரல் முதல் தடவையாகத் தாழ்ந்து வந்தது.

"சிஸ்டரே, மத்தவிய எல்லாரும் இப்பிடியா மூச்சு விட்டுட்டு நடக்காவ?"

மைதானத்துக்கு வெளியே

அதற்குப் பிறகு ஓட்டம் வேண்டாம் என்ற பேச்சே அவரிடமிருந்து வரவில்லை. தானும் கூட வருவேன் என்று மட்டும் சொன்னார். ரெண்டு பேர் பையிலும் ஆளுக்கொரு பம்ப். தேர்வு அதே திருநெல்வேலிப் பக்கத்து மைதானத்தில்தான். ஆடிக் காற்று, புழுதி. அன்று காலை எனக்குக் கை வேலையில் நிற்கவில்லை. ஒருவருக்குக் கிளிப்பை மாட்டிவிட்டுக் குழாயைக் கொடுக்க மறந்துவிட்டேன், அவர் பாவம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது போன் அடித்தது. ரோஸ்லியக்கா. கம்பிக் கேட்டுக்கு வெளியே நிற்கிறாராம், மகள் உள்ளே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கிறாளாம். "ஓடி முடிச்சிட்டா, சிஸ்டரே. நேரத்துக்குள்ள முடிச்சிட்டா. தாண்டுததுக்கு இனிதான் விளிப்பாவ. இப்பந்தான் அது வாற நேரம். நீங்க போன வைக்காதிய."

வைக்கவில்லை. வேலை கிடைக்குமா என்பதெல்லாம் பிறகு, நாங்கள் காத்திருந்தது இந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான். போனில் காற்று இரைந்தது. எங்கோ விசில் ஊதினார்கள். யாரோ யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். ஒவ்வொரு இரைச்சலும் இருமல் மாதிரியே கேட்டது. டாக்டர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அப்புறம் ஆன்சியின் பெயரைக் கூப்பிடுவது எனக்கே கேட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார் போல, அக்கா படபடவென்று கைதட்டுவதும் அழுவதும் கேட்டது.

"ஒண்ணும் வரல, சிஸ்டரே, ஒண்ணுமே வரல. பிள்ள சும்மா மூச்சு விட்டுட்டு நடந்து போறா."

ஒன்றுமே நடக்காததற்காக ஒருத்தர் கைதட்டி அழுகிற தொழில், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.